பள்ளியை விட்டு வந்த 13 வயது மகள்: கணிதத்தில் எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது. எட்டாவது முடித்த கையோடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பள்ளியோடு சண்டை எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஏழாவது படிக்கும்போதே அவளாக முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் கணக்குப் பாடவேளை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் தலைவலி என்பாள். டாக்டரிடம் காட்டினோம். கண்ணிலும் குறை இல்லை, ரத்தத்திலும் குறை இல்லை. லீவு நாளில் தலைவலியும் இல்லை.

நான் சின்ன அச்சகம் நடத்துகிறேன். மனைவி செவிலியர், ஷிப்ட் வேலை. இரண்டு பேருக்கும் பள்ளிக் கணக்கே மறந்துபோய்விட்டது. மகளுக்கு எண்கள் மேல்தான் ஆசை: பகா எண்கள், வகுபடும் தன்மை, மீதி. பைத்தான் என்கிற கணினி மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு, நிரல் எழுதிக் கணக்குப் போடும் பிராஜெக்ட் ஆய்லர் தளத்தில் ஆரம்பக் கணக்குகளைப் போட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் படிப்பாள், பேசத்தான் தயக்கம்.

கேட்க வேண்டியவை மூன்று. கணிதத்தில் அடுத்து என்ன படிக்கக் கொடுப்பது? சான்றிதழுக்கு எது நல்ல வழி? ஒரு ஆன்லைன் நிறுவனம் வருடம் 60,000 ரூபாய் கட்டினால் இரண்டே வருடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் முழுக்க முடித்துவிடலாம் என்கிறது, கட்டலாமா?

இன்னொன்று, இது கேள்வியா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் கண்டுபிடித்ததை ஓடி வந்து சொல்வாள். எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

---

நொய்யல் அம்மா (கோவை):

சகோதரருக்கு வணக்கம். கடைசியில் சொன்னீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். மற்ற மூன்றையும் அப்புறம் பார்க்கலாம்.

என் மகனும் ஏறக்குறைய இதே வயதில் பள்ளியை விட்டு வந்தவன். இப்போது கல்லூரியில் கணிதம் படிக்கிறான். நான் பி.காம். படித்து வங்கியில் வேலை பார்த்தவள், அவன் போட்ட கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருடங்களில் அவனுக்கு அதிகம் உதவியது எந்தப் புத்தகமும் இல்லை, அவன் எழுதியதை நான் உட்கார்ந்து வாசித்ததுதான். இதை உறுதியாகச் சொல்வேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பாடப் பொருள் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எழுதியதை வரி வரியாக வாசித்து "இது ஏன்?" என்று கேட்க ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிது. கணக்குத் தெரியாதவர்களும் அந்த ஆளாக இருக்கலாம்.

எப்படி என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம். ஒற்றைப்படை எண் எதை எடுத்து வர்க்கம் செய்தாலும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 3-இன் வர்க்கம் 9, 5-இன் வர்க்கம் 25, 7-இன் வர்க்கம் 49, எல்லாவற்றிலும் மீதி 1. மகளிடம் இதைக் கொடுத்து, "எல்லா ஒற்றை எண்ணுக்கும் இது ஏன் பொருந்துகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது" என்று சொல்லுங்கள். ஒற்றை எண்ணை 2k+1 என்று வைத்துக்கொண்டு, அதன் வர்க்கம் 4k(k+1)+1, அதனால் மீதி 1 என்று எழுதி முடிப்பாள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: "4 தெரிகிறது, 8 எங்கிருந்து வந்தது?" அப்போதுதான் k, k+1 இரண்டும் அடுத்தடுத்த எண்கள், இரண்டில் ஒன்று கட்டாயம் இரட்டை என்ற வரியை எழுதுவாள். அவள் மனதில் அது ஏற்கெனவே இருந்தது, தாளில் இல்லை. அந்த வரியைக் கேட்டு வாங்குவதற்கு உங்களுக்குக் கணிதப் பட்டம் வேண்டாம். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொன்னால் போதும். உங்களுக்குப் புரியவில்லை என்றுதான் அவள் சொல்வதை நிறுத்தினாள். புரிகிற வரை எழுதித் தருவது அவளுடைய வேலை என்று ஆகிவிட்டால் மறுபடி பேச ஆரம்பிப்பாள்.

பிராஜெக்ட் ஆய்லர் போடுகிறாள் என்றீர்கள், ரொம்ப நல்லது. அதன் முதல் கணக்கு, 1000-க்குக் கீழே 3-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. கணினியில் நான்கு வரி எழுதினால் 233168 என்று வந்துவிடும். அதையே கணினி இல்லாமல் போடச் சொல்லுங்கள். 3-இன் மடங்குகளைக் கூட்டினால் 166833, 5-இன் மடங்குகளைக் கூட்டினால் 99500, இரண்டிலும் சேர்ந்து வந்த 15-இன் மடங்குகளைக் கூட்டினால் 33165. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் அதே விடை. ஏன் கழிக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அவள் ஏற்கெனவே போட்ட கணக்குகளையே இப்படித் திரும்பப் போட்டால் பல மாதங்களுக்குத் தீனி இருக்கிறது, செலவு ஒரு பைசா இல்லை.

புத்தகத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பை நோக்கி ஓட வைக்காதீர்கள். எண்களில் ஆசை உள்ள பிள்ளைக்கு அடுத்த படி நுண்கணிதம் என்று யாரோ சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். நான் முதலில் வாங்கச் சொல்வது 'மேத்தமேட்டிகல் சர்க்கிள்ஸ்: ரஷ்யன் எக்ஸ்பீரியன்ஸ்'. லெனின்கிராட் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த கணித வட்டங்களிலிருந்து வந்த புத்தகம். ஹைதராபாத் யுனிவர்சிட்டீஸ் பிரஸ் இந்தியப் பதிப்பு போட்டிருக்கிறது, விலை கையைக் கடிக்காது. ஒற்றை-இரட்டை, வகுபடும் தன்மை, புறாக்கூண்டுத் தத்துவம், கணிதத் தொகுத்தறிதல் என்று போகும். ஒவ்வொரு கணக்கும் பார்க்கச் சின்னதாக இருக்கும், உட்கார்ந்தால் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். அதற்குப் பிறகு 'சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் பிரீ-காலேஜ் மேத்தமேட்டிக்ஸ்'. நம் நாட்டுக் கணித ஒலிம்பியாட் போட்டிக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் எழுதியது, கொஞ்சம் கனமானது, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. எண் கோட்பாட்டு அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுக்கலாம். வெளிநாட்டு ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் புத்தகங்கள் அருமையானவை, ஆனால் விலை அதிகம். அவர்களுடைய அல்குமஸ் பயிற்சித் தளம் இலவசம், இன்றைக்கே கணக்குத் தொடங்கலாம்.

படிக்க மட்டும் என்றால் இரண்டு பத்திரிகைகள், இரண்டும் இணையத்தில் இலவசம். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இப்போதே புரியும். இந்திய அறிவியல் அகாடமி 1996 முதல் நடத்தும் 'ரெசொனன்ஸ்' மாத இதழில் இப்போது கால்வாசி புரியும். பரவாயில்லை, புரியாத கட்டுரையையும் அவள் கண்ணில் படும்படி வையுங்கள்.

சான்றிதழுக்கு என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், எனவே இந்த வருடம் அவளுக்கு முழு விடுதலை. ஐந்து பாடம் போதும். பதிவு ஐந்து வருடம் செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை, தயாரான பாடத்தை எழுதி முடித்துவிட்டு மற்றதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு விஷயம்: பத்தாவதுக்கும் பன்னிரண்டாவது சான்றிதழுக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி கேட்பார்கள். அதனால் அந்த நிறுவனம் சொல்கிற "இரண்டே வருடத்தில் பன்னிரண்டாவது" சீக்கிரம் முடிந்தாலும் கையில் காகிதம் சீக்கிரம் வராது. 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள். வேகம் விற்கிறார்கள், உங்கள் பிள்ளைக்கு வேகம் ஏற்கெனவே இருக்கிறது.

சான்றிதழே வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்வார்கள். 2016-இல் மும்பையில் வீட்டில் படித்த 17 வயதுப் பெண் அமெரிக்காவின் எம்ஐடி-யில் சேர்ந்தது பெரிய செய்தி. பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாததால் ஐஐடி வழி அந்தப் பெண்ணுக்கு அடைத்திருந்தது. சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர் என்பதால் வேறு கதவு திறந்தது. நம் பிள்ளைக்கு அந்தப் பதக்கம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு சான்றிதழை விட்டுவிட முடியாது. சென்னை சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்) கணிதப் படிப்புக்குக்கூடப் பன்னிரண்டாவதோ அதற்கு இணையானதோ வேண்டும். அந்த நுழைவுத் தேர்வில் ஒரு பகுதி முழுக்க எழுத்து விளக்கம்தான், விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. வரி வரியாக எழுதப் பழகிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.

வீட்டில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கணக்கில் அவளுக்கு 18 வயதாக இருக்கலாம், மற்றதில் எல்லாம் 13-தான். அழுவாள், கோபப்படுவாள், குளிக்க மறப்பாள். "இவ்வளவு புத்திசாலி, இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி தாத்தா உட்பட.

---

காரைக்குடி வாத்தியார்:

தம்பி, அந்த அம்மா சொன்னது எல்லாம் சரி. நான் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், என் பங்குக்குக் கொஞ்சம்.

கையால் அளந்து பார்க்கிற பழக்கம் வர வேண்டும். எண்ணிலேயே மூழ்கும் பிள்ளைகளுக்கு அளவீட்டில் பிழை வரும் என்பதே அதிர்ச்சியாக இருக்கும், அந்த அதிர்ச்சி நல்லது. போனில் ஃபைஃபாக்ஸ் செயலியை இறக்குங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். போனுக்குள் இருக்கும் உணர்கருவிகளை ஆய்வகமாக்கிவிடும். ஒரு மீட்டர் நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி ஆடவிடச் சொல்லுங்கள். போய்த் திரும்ப ஏறத்தாழ 2 வினாடி ஆகும். இருபது ஆட்டத்துக்கு நேரம் எடுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடட்டும். புத்தகத்தில் இருக்கிற 9.8 வராது, 9.6 வரும், 10.1 வரும். ஏன் என்று அவள் எழுதட்டும், நீங்கள் வாசியுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைக் காட்டாமல் இருக்காதீர்கள். 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு அவர் பெயர்தான். நம் ஊர் மலையில் நடந்த வேலை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. பெரிய தொலைநோக்கி பார்க்க வேண்டும் என்றால் வாணியம்பாடிப் பக்கம் காவலூர், 2.3 மீட்டர் கண்ணாடி. சனிக்கிழமை பொதுமக்களை விடுவார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரம் ஒருமுறை அழைத்துப் போங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அலமாரிக்கு நடுவே தனியாக விடுங்கள்.

---

நள்ளிரவுக் கம்பைலர் (திருச்சி):

அண்ணா, நானும் பத்தாவதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தவன்தான். இப்போது கல்லூரி இரண்டாம் வருடம். பெற்றோர் பக்கத்திலிருந்து எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் பிள்ளை பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவளுக்கு அவளைவிடக் கெட்டிக்காரர்கள் வேண்டும். ஊரிலேயே நீதான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒருநாள் பெரிய கணக்கு வரும்போது பயந்து ஓடிவிடுவாள். அந்த மாதிரி ஆட்களைப் பார்க்கத்தான் போட்டிகள். பரிசுக்காகப் போக வேண்டாம்.

சென்னையில் இருக்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்எம்டிசி என்று ஒரு கணிதத் திறன் போட்டி நடத்துகிறது. ஏழு, எட்டாம் வகுப்புப் பிரிவுக்குக் காப்ரேகர் பெயர், ஒன்பது, பத்துக்குப் பாஸ்கரா. காப்ரேகர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி வாத்தியார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து (எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது), இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும் என்று கண்டுபிடித்தவர். தங்கச்சிக்கு இதைக் கொடுங்கள், மூன்று இலக்கத்துக்கு என்ன ஆகும் என்று அவளே தேடுவாள்.

ஐஓக்யூஎம் என்ற தேர்வு தேசியக் கணித ஒலிம்பியாடின் முதல் படி. மூன்று மணி நேரத்தில் 30 கணக்கு, விடை எல்லாம் 00 முதல் 99-க்குள் முழு எண். அடுத்த படியான ஆர்எம்ஓ-விலிருந்து முழு நிரூபணம் எழுத வேண்டும். பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தளத்தில் இருக்கின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளை எந்த மையத்தில் எழுதுவது என்பதை அந்த வருட அறிவிப்பைப் பார்த்துச் சீக்கிரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் அலையாதீர்கள். சிஎம்ஐ மாணவர்களே நடத்தும் ஸ்டெம்ஸ் தேர்வும் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு.

பைத்தான் தெரியும் என்பதால் கணினி ஒலிம்பியாடையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐஏஆர்சிஎஸ் அமைப்பு நடத்துகிறது, அவர்கள் தளத்தில் பாடமும் பழைய கணக்குகளும் இலவசம். அதில் இசட்ஐஓ என்ற தேர்வுக்குக் கணினியே வேண்டாம், பேனாவும் தாளும்தான். எண்களில் ஆசை உள்ளவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று அண்ணா. மதிய நேரத்தில் சும்மா படுத்துக்கிடந்தால் "என்ன பண்ற?" என்று கேட்காதீர்கள். எனக்கு நல்ல யோசனை எல்லாம் அப்படிப் படுத்திருந்தபோதுதான் வந்தது.

---

வைகைக்கரை:

அக்கா, சார், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. 8-ஆல் வகுக்கும் கணக்கை நேற்று ராத்திரி கொடுத்தேன். அக்கா சொன்ன மாதிரியே நடுவில் ஒரு வரியை விட்டிருந்தாள். கேட்டதும் "இது தெரிஞ்சதுதானப்பா" என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். எழுதிக் கொடுத்தாள். எனக்கு நிஜமாகவே புரிந்தது. அச்சகத்தில் மிஞ்சும் ஒருபக்கத் தாள்களைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கணக்குக்கு அதையே வைத்துக்கொள் என்று.

அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். என்ஐஓஎஸ்-இல் எந்த ஐந்து பாடம்? அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வுக்கு என்ன செய்வது? அப்புறம் ஒரு கட்டத்துக்கு மேல் அவள் எழுதுவது எனக்கு நிச்சயம் புரியாமல் போகும். அப்போது யாரிடம் காட்டுவது?

---

நொய்யல் அம்மா:

பாடம்: கணிதம், அறிவியல், ஆங்கிலம், தமிழ், ஐந்தாவதாகச் சமூக அறிவியலோ டேட்டா என்ட்ரி ஆபரேஷன்ஸோ. பைத்தான் போடும் பிள்ளைக்குப் பின்னது சுலபம், ஆனால் வரலாறு படிக்கப் பிடிக்கும் என்றால் சமூக அறிவியலையே எடுக்கட்டும். தமிழை விடாதீர்கள். இரண்டு மொழி வரை எடுக்கலாம், தமிழில் நன்றாக எழுதுகிறவள் நிரூபணத்தையும் தெளிவாக எழுதுவாள். அதை நான் வீட்டில் பார்த்தேன்.

அறிவியல் செய்முறைக்கு அவர்கள் ஒதுக்கும் படிப்பு மையம் உண்டு, அங்கேதான் தேர்வு. வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைவுகளுக்கும் 20 சதவீத மதிப்பெண் இருக்கிறது, தேதியைத் தவற விடாதீர்கள். விண்ணப்பத்தில் மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய் ஆய்வகம் பூட்டியிருக்கிறதா, பிள்ளைகள் உள்ளே நிற்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். சில இடங்களில் பெயருக்குத்தான் ஆய்வகம்.

உங்களுக்குப் புரியாத கட்டம் வரும், இரண்டு வருடமாவது ஆகும். அப்போது பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கணிதத் துறைக்கு நேரில் போங்கள். டியூஷன் கேட்காதீர்கள். அவள் கையெழுத்தில் நான்கு பக்கம் கொண்டுபோய், "மாதம் ஒருமுறை இதைப் படித்துத் திருத்தித் தர முடியுமா?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது முதலில் போன இடத்தில் நேரமில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பேராசிரியர் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார், அப்புறம் உட்கார்ந்து நான்கையும் படித்தார். பென்சிலால் ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பித் தருவார். என் மகன் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அடுத்த மாதம் எடுத்துப் போவான். அதனால் இப்போதிருந்தே அவள் எழுதுகிற ஒவ்வொரு தாளிலும் தேதி போடச் சொல்லிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.